திட்ட மேலாண்மைத் தேர்வும் தமிழ் மாணவரும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் திட்ட மேலாண்மைத் தேர்வு பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் இடத்தில் தொழில்துறைச் சான்றிதழுக்கு என்ன வேலை என்னும் வினா எழுதலும் இயல்பே. ஆயின், நம் மாணவர் பட்டம் பெற்றபின் செல்லும் இடங்களை நோக்கினால் இவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும். தாம்பரத்தில் 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஏற்றுமதி வளாகமாகிய மெப்ஸ், தரமணியில் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா, பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூர் முதல் சிறுசேரி வரை எழுந்துள்ள மென்பொருள் நிறுவனங்கள், மெட்ரோ இரயில் பணிகள், வளைகுடா நாடுகளின் கட்டுமான நிறுவனங்கள் என அவர்தம் பணிக்களங்கள் விரிகின்றன. அங்கெல்லாம் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்தோர் மேற்படி ஏற முற்படும்போது, "பி.எம்.பி. தேறியிருக்கிறீர்களா?" என்னும் கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

இத்தேர்வைத் தமிழில் எழுத வாய்ப்பில்லை. தமிழ்வழிக் கல்வி பெற்றோர் இதனால் அஞ்சி ஒதுங்குகின்றனர். வேறு சிலரோ குறுக்கு வழிகளை நாடுகின்றனர். இவ்விரண்டும் தவிர்க்கத்தக்கன. தேர்வின் இயல்பு யாது, அதற்கு ஆயத்தமாகும் முறை யாது, அதில் பேண வேண்டிய நேர்மை யாது என்னும் மூன்றையும் மாணவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திட்டம் என்பது யாது?

நாள்தோறும் நடைபெறும் பணி வேறு, திட்டம் வேறு. கல்லூரி உணவகத்தில் நாளும் உணவு சமைத்தல் வழக்கப் பணி. புதிய உணவகக் கட்டடம் எழுப்புதல் திட்டம். திட்டத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதன் விளைவு முன்பு இல்லாத ஒன்றாக இருக்கும். இவ்விரு பண்புகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு செயலை ஆராய்ந்து தொடங்குதலும் உரியவரிடம் ஒப்படைத்தலும் முடிக்கும்வரை தளராதிருத்தலும் நம் மரபுக்குப் புதியன அல்ல. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல், வினைத்திட்பம், வினைசெயல்வகை எனத் தனித்தனி அதிகாரங்களே உள்ளன. யூசுப் நபி அவர்களின் வரலாற்றில், செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து, அடுத்துவந்த பஞ்ச ஆண்டுகளைக் கடந்த செய்தியைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. அகழ்ப்போரின்போது சல்மான் பார்சி அவர்களின் ஆலோசனையை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றமையும், அகழ் தோண்டும் பணியைப் பத்துப் பத்துப் பேராகப் பகுத்தளித்தமையும் வரலாற்று நூல்களில் காணப்படுகின்றன. பெரும்பணியைச் சிறு கூறுகளாகப் பகுத்து, கூறுக்கு ஒரு பொறுப்பாளரை அமர்த்துதல் என்பது இன்றைய திட்ட மேலாண்மை நூல்களின் முதற்பாடங்களுள் ஒன்றாகும்.

எனினும், ஓர் எச்சரிக்கை ஈண்டு வேண்டற்பாலது. "எல்லாம் நம் நூல்களிலேயே உள்ளன" என்று பெருமை பேசுவதால் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. மரபறிவு நமக்குத் துணிவையும் புரிதலையும் தரும்; தேர்வுக்குரிய கலைச்சொற்களையும் முறைகளையும் உழைத்தே கற்றாக வேண்டும்.

தேர்வின் வரலாறும் அமைப்பும்

அமெரிக்க நாட்டில் 1969ஆம் ஆண்டில் தோன்றிய திட்ட மேலாண்மை நிறுவனம் பி.எம்.ஐ. எனச் சுருங்க வழங்கும். இதற்குச் சென்னையிலும் கிளை உண்டு. பி.எம்.பி. தேர்வு முதன்முதலில் 1984ஆம் ஆண்டில் நடைபெற்றது. தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் தோன்றியதும் அவ்வாண்டே என்பது நினைவில் நிற்கத்தக்க பொருத்தம். இத்துறையின் அடிப்படை நூலாகிய பிம்பாக் கையேடு 1996இல் முதற்பதிப்புக் கண்டது. 2017இல் வந்த ஆறாம் பதிப்பு 49 செயல்முறைகளை 10 அறிவுப்புலங்களில் வகைப்படுத்தியது. 2021இல் வந்த ஏழாம் பதிப்போ அவ்வமைப்பை விடுத்து, 12 கொள்கைகளையும் 8 செயற்பாட்டுப் புலங்களையும் முன்வைத்தது. பழைய பதிப்பை மட்டும் மனனம் செய்து தேர்வுக்குச் செல்வோர் இடர்ப்படுவது இதனாலேயே.

2021 சனவரியில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி பி.எம்.பி. தேர்வில் 180 வினாக்கள். காலம் 230 நிமிடம். 60 வினாக்களுக்கு ஒருமுறையாகப் பத்து நிமிட இடைவேளை இருமுறை. வினாக்களில் 42 விழுக்காடு மனிதரை வழிநடத்தல் பற்றியும், 50 விழுக்காடு செயல்முறை பற்றியும், 8 விழுக்காடு வணிகச் சூழல் பற்றியும் அமைந்தன. முன்கூட்டியே முழுதும் திட்டமிட்டுச் செய்யும் முறை ஒருபாதி. சிறு சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே செல்லும் அஜைல் முறையும் இரண்டும் கலந்த முறையும் மறுபாதி. இப்பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் இயல்பினது. ஆதலின், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள பாடத்திட்டத்தையும் கையேட்டையும் நிறுவனத்திடமிருந்தே பெற்றுப் படித்தல் முதற்கடமையாகும். அண்ணன் எழுதியபோது வாங்கிய புத்தகம் தம்பிக்கு அப்படியே பயன்படும் எனக் கருதலாகாது.

தகுதி: யார் எதை எழுதலாம்?

நம் மாணவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. பட்டம் பெற்றவுடன் பி.எம்.பி. எழுத இயலாது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டுப் பட்டம் அல்லது அதற்கு இணையான கல்வி உடையோர்க்கு, முந்தைய எட்டாண்டுகளுக்குள் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் வேண்டும். பள்ளியிறுதிக் கல்வி உடையோர்க்கு 60 மாதங்கள் வேண்டும். இவற்றோடு 35 மணிநேர முறையான பயிற்சியும் வேண்டும்.

அனுபவம் என்பது ஊதியம் பெற்ற பணியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆயினும் அது தொழில்முறைச் சூழலில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். வகுப்பில் செய்த செயல்திட்டமும், வீட்டுத் திருமணத்தை நடத்திக்கொடுத்ததும் கணக்கில் வாரா. திருமணம் நடத்தியவர் பெற்ற அனுபவம் பெரிதே! ஆயினும் விதி விதியே.

மாணவர்க்கும் புதிதாகப் பணியில் சேர்ந்தோர்க்கும் உரியது சி.ஏ.பி.எம். என்னும் முதல்நிலைத் தேர்வு. இதற்குப் பள்ளியிறுதிக் கல்வியும் 23 மணிநேரப் பயிற்சியும் போதும், முன்னனுபவம் வேண்டா. 150 வினாக்கள், மூன்று மணிநேரம். 2023இல் புதுக்கப்பெற்ற பாடத்திட்டத்தில் அடிப்படைக் கருத்துகள் 36 விழுக்காடு, முன்திட்ட முறை 17, அஜைல் முறை 20, வணிகப் பகுப்பாய்வு 27 எனப் பகுக்கப்பட்டன. சி.ஏ.பி.எம். பெற்றவர்க்குப் பின்னாளில் பி.எம்.பி.க்குரிய 35 மணிநேரப் பயிற்சி நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளப்படும்.

மாணவியர் மனங்கொள்ள வேண்டியது அனுபவத்திற்குரிய ஆண்டு வரம்பு. மகப்பேற்றின் பொருட்டுப் பணியிலிருந்து விலகி, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சேரும் பெண்ணுக்கு முன்னைய அனுபவம் வரம்பைக் கடந்துவிடக்கூடும். ஆதலின், பணியிலிருக்கும்போதே ஒவ்வொரு திட்டத்தின் தொடக்க நாள், முடிவு நாள், தம் பொறுப்பு, மேலதிகாரியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நலம். காலம் கடந்து நினைவிலிருந்து எழுத முற்படுவோர் படும் பாடு பெரிது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலக் கலைச்சொற்களை மனனம் செய்வதினும், அவற்றின் பொருளைத் தாய்மொழியில் உணர்ந்தபின் ஆங்கிலச் சொல்லைப் பொருத்திக்கொள்வதே நிலைக்கும் முறை. மூன்று எடுத்துக்காட்டுகள் காண்போம்.

முதலாவது, சார்ட்டர். இதனைத் திட்டச் சாசனம் எனலாம். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்து நிலைபெறச் செய்தான். கொடுத்தவர் யார், பெறுபவர் யார், ஊரின் நான்கெல்லை எவை, ஆணையை நிறைவேற்றிய அதிகாரிகள் யாவர் என்பன அத்தகைய செப்பேடுகளில் விரிவாக அமையும். பிடியானையை நடத்தி எல்லை வகுத்த வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. திட்டச் சாசனமும் இதுவே செய்கின்றது. யாருடைய ஆணையால் திட்டம் எழுந்தது, எதற்காக எழுந்தது, மேலாளர்க்கு அதிகாரம் எவ்வளவு என்பவற்றை அது கூறும். சாசனம் இல்லாத திட்டம் ஆணையில்லாக் கொடை போன்றது. எல்லை வகுத்தலே தேர்வில் ஸ்கோப் எனப்படும்.

இரண்டாவது, ரிஸ்க்கும் இஷ்யூவும். இனி வரக்கூடியது இடர், வந்துவிட்டது இடையூறு. ஐப்பசி மழையில் கட்டுமானம் தடைப்படலாம் என்பது இடர். மழை பெய்து குழியில் நீர் நின்றுவிட்டது என்பது இடையூறு. இடருக்கு முன்னேற்பாடு வேண்டும். இடையூற்றுக்கு உடனடித் தீர்வு வேண்டும். வினாவில் எது சொல்லப்படுகின்றது என்பதைப் பகுத்தறியாதவர் விடையில் தவறுவர்.

மூன்றாவது, ஸ்டேக்ஹோல்டர். இதனைப் பங்குதாரர் என மொழிபெயர்ப்பது பொருந்தாது. பங்குதாரர் முதலீடு செய்தவர். திட்டத்தால் நன்மையோ தீமையோ அடைவோரும், அதன்மீது செல்வாக்குச் செலுத்துவோரும் ஆகிய அனைவரும் ஸ்டேக்ஹோல்டரே. எனவே 'தொடர்புடையோர்' என்பது ஏற்றது. பள்ளிவாசலுக்கு மாடி எழுப்பும்போது ஜமாஅத்தார் மட்டுமன்றி, பக்கத்து வீட்டுக்காரரும், தெருவில் கடை வைத்திருப்பவரும், மாநகராட்சியும் தொடர்புடையோர் ஆவர்.

கணக்கறிதல்

இத்தேர்வில் கணக்கு வினாக்கள் குறைவு. சூழல் வினாக்களே மிகுதி. எனினும், கணக்கின் அடிப்படை அறியாதார்க்குச் சூழலும் புலப்படாது. கலைப்பிரிவு மாணவர் அஞ்ச வேண்டா. கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

தாம்பரத்திலிருந்து நகருக்குள் இருக்கும் தேர்வு மையத்திற்குச் செல்லும் நேரத்தை மதிப்பிடுவோம். எல்லாம் நன்றாக அமைந்தால் 40 நிமிடம். பெரும்பாலும் 55 நிமிடம். வண்டி தாமதித்தால் 100 நிமிடம். பெரும்பாலானதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 40, 220, 100 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 360. ஆறால் வகுக்க 60 நிமிடம். இதுவே மும்மதிப்பீட்டு முறை. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக உருவான பெர்ட் முறையினின்று வந்தது.

அடுத்து முக்கியப் பாதை. கையிலுள்ள மலர் போன்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை திரட்ட 20 நாள், கணினியில் அச்சுக்கோக்க 8 நாள், மெய்ப்புத் திருத்த 6 நாள், அச்சிட 10 நாள், கட்டமைக்க 3 நாள் எனக் கொண்டால் மொத்தம் 47 நாள். இதற்கிடையே விளம்பரம் திரட்ட 25 நாளும் விளம்பரப் பக்கங்களை அமைக்க 4 நாளும் ஆகும். இவை அச்சுக்கு முன் முடிய வேண்டும். கட்டுரைப் பணி அச்சுக்கு ஆயத்தமாவது 34ஆம் நாள். விளம்பரப் பணி முடிவது 29ஆம் நாள். ஆகவே விளம்பரப் பணிக்கு 5 நாள் தளர்வு உண்டு. அது 5 நாள் தாமதித்தாலும் மலர் தாமதியாது. 7 நாள் தாமதித்தால் மலர் 2 நாள் தாமதிக்கும். கட்டுரை தருவோர் ஒருநாள் தாமதித்தாலோ மலரும் ஒருநாள் தாமதிக்கும். தளர்வற்ற அந்நீண்ட வழியே முக்கியப் பாதை. 1957இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருப்பெற்ற முறை இது.

மூன்றாவது, ஈட்டிய மதிப்பு. பத்து இலட்சம் ரூபாய்ச் செலவில் பத்து வாரத்தில் ஒரு சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும். வாரந்தோறும் ஓர் இலட்சம் மதிப்புள்ள வேலை எனத் திட்டம். நான்கு வாரம் கழிந்தபின் நான்கு இலட்சத்திற்குரிய வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ மூன்று இலட்சத்திற்குரியது. செலவானதோ மூன்றே முக்கால் இலட்சம். "நான்கு இலட்சத்திற்குள்தானே செலவாகியுள்ளது" என்று கணக்கர் மகிழலாம், அது பிழை. மூன்றை மூன்றே முக்காலால் வகுத்தால் 0.8. ஒரு ரூபாய் செலவிட்டு எண்பது காசு வேலையே பெற்றுள்ளோம். இதே நிலை நீடித்தால் பத்து இலட்சச் சுவர் பன்னிரண்டரை இலட்சத்தில் முடியும். மூன்றை நான்கால் வகுத்த 0.75 கால அளவில் பின்தங்கியதைக் காட்டும். ஜமாஅத் நிர்வாகத்திலுள்ள பெரியோர்க்கும் இக்கணக்கு பயன்படும்.

நம் புறநகர் தரும் பாடங்கள்

நூலில் கற்றதை ஊரில் கண்டு தெளிதல் வேண்டும். பறக்கும் இரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரே. பெரும்பகுதித் தூண்களும் பாதையும் எழுந்தன. ஆயினும், ஆதம்பாக்கம் பகுதியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலம் பெறுவதில் எழுந்த சிக்கலாலும் வழக்குகளாலும் அப்பணி பத்தாண்டுக்கும் மேலாக நின்றது. பத்தில் ஒன்பது பங்கு முடிந்தும் வண்டி ஓட இயலவில்லை. முக்கியப் பாதையில் இருந்தது காங்கிரீட் அன்று, நிலம். தொடர்புடையோராகிய நிலத்துக்குரியவர்களின் இசைவு அதனினும் முன்னே நின்றது. இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர் அப்பாடத்தை மறவார்.

வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 திசம்பர் 30ஆம் நாள் பெரும் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. திறந்தபோது அதன் அருகே அமையவேண்டிய புறநகர் இரயில் நிலையம் முடிவடைந்திருக்கவில்லை. மூட்டைமுடிச்சுடன் வந்த பயணியர் நகருக்குள் செல்ல வேறு வழிகளை நாட வேண்டியிருந்தது. கட்டடம் முடிதல் வேறு, அதன் பயன் மக்களைச் சேர்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. முடிபொருளையும் விளைபயனையும் வேறுபடுத்தும் வினாக்கள் தேர்வில் வருவனவே.

2015 திசம்பர்ப் பெருவெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் அடையாற்று நீரில் மூழ்கின. பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் மக்களுக்குப் புகலிடம் ஆயின. முழுத்திட்டம் தீட்டிவிட்டுப் பணி தொடங்கும் நிலை அன்றில்லை. காலையில் கூடி, எத்தெருவுக்குப் படகு, எவ்வீட்டிற்கு மருந்து என முடிவெடுத்து, மாலையில் மீண்டும் கூடித் திருத்திக்கொள்ளும் முறையே அத்தகைய வேளையில் கைகொடுக்கும். அஜைல் முறையின் உயிர்க்கருத்து இதுவே. நம் சமுதாயத்தார் மஷூரா என வழங்கும் கலந்தாலோசனைக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வெளிப்படை.

வினாவைப் படிக்கும் முறை

தமிழ் மாணவர்க்கு இத்தேர்வில் உள்ள நன்மை யாதெனில், பாடலுக்குப் பொருள் காணும் பயிற்சியே. செய்யுளில் வினைமுற்றைத் தேடிப் பிடித்து, அதனோடு எழுவாயையும் எச்சங்களையும் கொண்டுகூட்டிப் பொருள் கொள்கின்றோம். சூழல் வினாவையும் அவ்வாறே படித்தல் வேண்டும். முதலில் கடைசி வரியைப் படிக்க வேண்டும். அதுவே வினாவின் முற்று. "முதலில் என்ன செய்வீர்?" என்பதும், "அடுத்து என்ன செய்வீர்?" என்பதும், "என்ன செய்திருக்க வேண்டும்?" என்பதும் மூன்று வேறு வினாக்கள். ஒரே சூழலுக்கு இம்மூன்றின் விடைகளும் வேறாகும்.

ஒரு மாதிரி காண்போம். திட்டத்தின் நடுவில் வாடிக்கையாளர் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கக் கேட்கின்றார். மேலாளர் முதலில் செய்ய வேண்டியது யாது? அ. உடனே சேர்த்துவிடுதல். ஆ. ஒப்பந்தத்தில் இல்லை என மறுத்தல். இ. அம்மாற்றத்தால் காலம், செலவு, தரம் ஆகியவற்றில் விளையும் மாறுதலை ஆராய்தல். ஈ. மேலிடத்திற்கு முறையிடுதல். முன்திட்ட முறையில் விடை 'இ'. ஆராய்ந்தபின்னரே மாற்றத்திற்கு இசைவு வழங்கும் குழுவிடம் செல்ல வேண்டும். அஜைல் முறையாயின், அவ்வசதி பணிப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதன் முன்னுரிமையைப் பொருளின் உரிமையாளராகிய பிராடக்ட் ஓனர் முடிவுசெய்வார். ஆகவே, எம்முறையில் திட்டம் நடக்கின்றது என்னும் குறிப்பை வினாவில் தேடிக் கொள்ளல் இன்றியமையாதது.

நம் அலுவலகத்தில் எப்படிச் செய்கின்றோம் என்பது இங்கு அளவுகோல் அன்று. மேலாளர் தாமே ஆராய்ந்து, தொடர்புடையோருடன் பேசி, சிக்கலின் வேரைக் கண்டு தீர்ப்பவர் என்பதே தேர்வின் எதிர்பார்ப்பு. மேலிடத்திற்கு ஓடுதலும் பணியாளரை உடனே நீக்குதலும் பெரும்பாலும் விடையாவதில்லை.

பன்னிரு வாரப் பயிற்சி

பணியிலிருப்போர் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம், வாரத்திற்கு ஆறு நாள் என ஒதுக்கினால் பன்னிரு வாரத்தில் 108 மணிநேரம் கிடைக்கும். சுபுஹுத் தொழுகைக்குப் பிந்தைய வேளை அமைதியானது. புறநகர் இரயிலில் இருக்கை கிடைத்தால் அதுவும் ஒரு வகுப்பறையே. முதல் நான்கு வாரம் அடிப்படை நூல். அடுத்த மூன்று வாரம் அஜைல் முறை. அடுத்த மூன்று வாரம் பகுதி வாரியான வினாப் பயிற்சி. இறுதி இரு வாரம் முழுநீள மாதிரித் தேர்வுகள்.

மாதிரித் தேர்வில் மதிப்பெண் காண்பது சிறுபயன்; பிழைகளை வகைப்படுத்துவது பெரும்பயன். கருத்து அறியாமையால் பிழைத்தது எது, வினாவைத் தவறாகப் படித்ததால் பிழைத்தது எது, நேரமின்மையால் பிழைத்தது எது என மூன்று பத்திகளில் குறித்து வர வேண்டும். முதல்வகைக்கு நூலும், இரண்டாம் வகைக்கு ஆங்கில வாசிப்பும், மூன்றாம் வகைக்குக் கடிகாரமும் மருந்தாகும். 180 வினாக்களுக்கு 230 நிமிடம் எனின் வினாவொன்றுக்கு ஏறத்தாழ 76 நொடி. அறுபது வினாக்களை 76 நிமிடத்திற்குள் முடிக்கப் பழகுதல் வேண்டும்.

தேர்வை மையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். வீட்டில் எழுதுங்கால் அறைக்குள் வேறு யாரும் வருதல் கூடாது. மேசையில் தாளோ நூலோ இருத்தலும் கூடாது. கூட்டுக் குடும்பத்திலும் நெருக்கமான குடியிருப்பிலும் வாழ்வோர்க்கு மையமே நன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையையும், தொழுகை தவறும்படியான நேரத்தையும் தவிர்த்து நாளைத் தெரிவுசெய்தால் மனம் அலைபாயாது.

அமானிதம் பேணல்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. விண்ணப்பத்தில் இல்லாத அனுபவத்தை எழுதுமாறு தூண்டுவோரும், தேர்வில் வந்த வினாக்களைத் திருடித் தொகுத்து விற்போரும் உளர். "எல்லாரும் செய்கிறார்கள்" என்னும் சொல் அவர்களுடைய மூலதனம்.

பி.எம்.ஐ. நிறுவனம் தன் நெறிமுறைத் தொகுப்பில் பொறுப்பு, மரியாதை, நடுநிலை, நேர்மை என நான்கு விழுமியங்களை வகுத்துள்ளது. விண்ணப்பங்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்துத் தணிக்கையும் செய்கின்றது. அப்போது மேலதிகாரிகளின் சான்றும் பயிற்சிச் சான்றும் காட்டியாக வேண்டும். ஆயினும், தணிக்கைக்கு அஞ்சி நேர்மை பேணுவது நம் நிலையாகாது. நம்பி ஒப்படைத்ததைக் காத்தலே அமானிதம். மேலாளர் கையில் பிறர் பணமும் பிறர் உழைப்பும் சிலவேளை பிறர் உயிரும் ஒப்படைக்கப்படுகின்றன. பொய்ச்சான்றால் அவ்விருக்கையில் அமர்ந்தவர், முதல் நெருக்கடியிலேயே அறியாமையை வெளிப்படுத்துவார். அதனால் கெடுவது அவர் பெயர் மட்டுமன்று. அடுத்து அதே ஊரிலிருந்து, அதே கல்லூரியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரின் பெயரும் கெடும். உண்மையாக உழைத்த தம்பியின் கதவை, பொய்யுரைத்த அண்ணன் அடைத்துவிடுகின்றான்.

அனுபவம் போதவில்லையெனின் காத்திருத்தல் வேண்டும். அல்லது முதல்நிலைத் தேர்வை எழுதல் வேண்டும். தோல்வியுற்றால் மீண்டும் எழுத வழியுண்டு. வெற்றி பெற்றாலும் அத்துடன் முடிவதில்லை; மூன்றாண்டுக்குள் 60 அலகுத் தொடர்கல்வி முடித்தே பி.எம்.பி. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

தேர்வுக் கட்டணம் நம் மாணவர்க்குப் பெருஞ்சுமை. இதன்மேல் பயிற்சி நிலையங்களின் கட்டணமும் சேர்கின்றது. வட்டிக்குக் கடன்பட்டுத் தேர்வெழுதும் இளைஞர், தோல்வியுற்றால் இருமடங்கு துயருறுகின்றார். ஜமாஅத்துகளும் முன்னாள் மாணவர் அமைப்புகளும் இதற்கென ஒரு சிறுநிதி அமைத்து, வட்டியில்லா அழகிய கடனாக வழங்கலாம். மாதிரித் தேர்வில் உரிய நிலை எய்தியவர்க்கே வழங்குதல் எனவும், பணி உயர்ந்தபின் திருப்பித் தருதல் எனவும் விதிக்கலாம். திரும்பி வரும் தொகை அடுத்தவர்க்கு உதவும். இத்தேர்வில் தேறிய முன்னாள் மாணவர் மாதம் ஒரு ஞாயிறு வந்து இளையோர்க்கு வழிகாட்டினால், பயிற்சிச் செலவும் குறையும்.

சான்றிதழ் ஒன்றே வேலை தந்துவிடும் என்று நம்பி வீட்டுநகையை அடகு வைக்க வேண்டா என்பதையும் பெற்றோர்க்குச் சொல்லியாக வேண்டும். அனுபவமும் பண்பும் உள்ளவர்க்கே அச்சான்றிதழ் துணை நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திட்ட மேலாண்மைத் தேர்வு ஆங்கிலப் புலமையரின் தனியுடைமை அன்று என்பதும், பொருளுணர்ந்து படிப்போர்க்கும் கூறுபடுத்தி உழைப்போர்க்கும் அது எட்டும் கனியே என்பதும், குறுக்குவழியால் பெறும் சான்று பெற்றவரையும் சமுதாயத்தையும் ஒருசேரத் தாழ்த்தும் என்பதும் பெறப்பட்டன. மாணவர் இன்றே செய்யத்தக்க முதற்பணி ஒன்றுண்டு. தாம் ஈடுபட்டுள்ள ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அதன் எல்லை, காலம், செலவு, தொடர்புடையோர், இடர் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அவ்வொரு தாள் தெளிவாக அமையுமாயின், தேர்வுக்குரிய முதற்பாடம் கைவந்ததாகக் கொள்ளலாம். முயற்சி நம்முடையது, நிறைவு இறைவனுடையது.